சவேரியம்மா வீட்டு ஈஸ்டர் ஃபட்ஜ்

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தா. ஊரு மலைமேல, மருமக கடற்கரைக்காரி. பாதிக் கதை இதுலயே முடிஞ்சுபோச்சு. மீதியைச் சொல்றேன், காலை ஆட்டாம படு.

அவ பேரு ஜெனோவா. தூத்துக்குடிப் பக்கம், அப்பாவுக்கு உப்பளத்துல வேலை. அங்க வெயில் எப்படின்னா, காலையில காயப்போட்ட துணியைக் காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள மடிச்சு வெச்சிடலாம். அப்படி வளர்ந்தவளைக் கொண்டுபோய் குன்னூருக்கு மேல ஒரு ஊர்ல கட்டிக்கொடுத்துட்டாங்க. அந்த ஊர்ல துணி காய நாலு நாள் ஆகும். அப்பவும் அது காஞ்சிருக்கா, இல்ல சும்மா சில்லுனு இருக்கான்னு யாராலயும் சொல்ல முடியாது. தெரிஞ்ச மாதிரி மடிச்சு வெச்சுக்குவாங்க.

ம் கொட்டு. ம் இல்லேன்னா கதை இல்ல.

"ம்."

அது. புருஷன் பேரு அமலதாஸ். மாமியார் பேரு சவேரியம்மா. அந்த வீட்ல தொழிலே ஹோம்மேட் சாக்லேட்டு. வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூமு, அதுல ஒரு அடுப்பு. காலையில பத்த வெச்சா சாயங்காலம் வரைக்கும் எரியும். வீட்லயே சூடா இருக்கற ஒரே இடம் அதுதான். சவேரியம்மா, அமலதாஸ், வேலைக்கு வர்ற ரெண்டு பொண்ணுங்க, எல்லாரும் பொழுதன்னிக்கும் அதுக்குள்ளதான். பேச்சும் சிரிப்பும் கதவைத் தாண்டிக் கேக்கும். ஜெனோவா மட்டும் வெளிய. ஸ்வெட்டர், அதுமேல இன்னொரு ஸ்வெட்டர், அதுமேல அமலதாஸோட கோட்டு. அப்படியும் பல்லு கிடுகிடு கிடுகிடுன்னு அடிக்கும். குளிரைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கல. தனியா இருந்தா, பாவம்.

ஏன் வெளியன்னு கேளு.

"ஏன்?"

கல்யாணமாகி மூணாம் நாள் சாக்லேட் ரூமைப் பெருக்கப் போனா. அவ ஊர்ல பெருக்கறதுக்கு முன்னாடி புழுதி பறக்காம தண்ணி தெளிப்பாங்க. அதே பழக்கத்துல கை நிறைய அள்ளி சளக்குனு ஒரு தெளி தெளிச்சா. அதுல நாலு துளி அடுப்புல உருகிட்டிருந்த சாக்லேட்டுல விழுந்துச்சு. சாக்லேட்டுக்கும் தண்ணிக்கும் ஆகவே ஆகாது. ஒரு சட்டி சாக்லேட்டும் கட்டி தட்டி, நறநறன்னு மண்ணாப் போச்சு. சவேரியம்மா கத்தல. கத்தியிருந்தாலும் பரவாயில்ல. "ஈரக்கை"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. அதுலேர்ந்து எட்டு மாசம்.

அப்புறம் ஈஸ்டர் வந்துச்சு. அந்த வீட்ல ஒரு வழக்கம். பனிக்காலம் முடிஞ்சு மரமெல்லாம் பூக்குமில்ல, அப்போ ஈஸ்டர் அன்னிக்கு, காலைப் பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல வெள்ளை சாக்லேட் ஃபட்ஜ் குடுப்பாங்க. மூணு கலரு. பீச் மரத்துப் பூவுக்கு ரோஸ். சீகை மரத்துப் பூவுக்கு மஞ்சள். தேயிலைக் கொழுந்துக்குப் பச்சை. அதுக்கு முன்னாடி தவக்காலம் நாப்பது நாளும் அந்தக் கோயில்காரங்க யாரும் இனிப்பையே தொடமாட்டாங்க. சவேரியம்மா சாக்லேட்டுக்கு நடுவுலயே உக்காந்திருந்தும் விரலைக்கூட நக்கமாட்டாங்க. வாசனை மட்டும் மூக்குல ஏறும். அது பாவத்துல சேராதுன்னு சாமியார்கிட்ட கேட்டே வெச்சிருந்தாங்க. அதனால அந்த ஃபட்ஜ் துண்டுதான் நாப்பது நாள் கழிச்சு எல்லார் வாயிலயும் விழற முதல் இனிப்பு. சும்மா விஷயமா அது?

"ம்ஹூம்."

அந்த வருஷம் பார்த்து சவேரியம்மா படியில வழுக்கிப் பொத்துனு விழுந்தாங்க. வலது கையில மாவுக்கட்டு. வேலைக்கு வர்ற பொண்ணுங்க பண்டிகைக்கு ஊருக்குப் போயாச்சு. அமலதாஸுக்குக் காகிதம் சுத்தத்தான் தெரியும், அதையும் சுமாராத்தான் சுத்துவான். அப்போ யாரு மிச்சம்?

"ஜெனோவா."

பரவால்ல, முழிச்சுட்டுத்தான் இருக்கே.

சனிக்கிழமை காலையில சவேரியம்மா அந்த ரூமைத் திறந்துவிட்டாங்க. மேசை மேல ஒன்பது பாளம் வெள்ளை சாக்லேட்டு.

"மூணு பாளம் போதும்"னாங்க. "நீ செய்யறியேன்னு ஒன்பது வெச்சிருக்கேன்."

"சரிங்கத்தை."

"தண்ணி படக் கூடாது. தீ பெருசா வைக்கக் கூடாது. ருசி பார்க்கக் கூடாது, தவக்காலம் இன்னும் முடியல."

"நல்லா வந்துச்சுன்னா அத்தை?"

"வந்தா பார்க்கலாம்."

"வரலேன்னா?"

"வரலேன்னா இந்த ரூம் பக்கமே இனி வர வேண்டாம்." அவ்வளவுதான். மகனைக் கூட்டிட்டுக் கோயில் ஜோடிக்கப் போயிட்டாங்க.

ஜெனோவா உள்ள போனா. அப்பா, என்னா சூடு! அவளுக்கு அழுகையே வந்துருச்சு. சவேரியம்மா பாராட்டணும்னெல்லாம் அவ நினைக்கல. இந்த அடுப்புப் பக்கத்துல, இவங்க பேசறதைக் கேட்டுக்கிட்டு, ஒரு ஓரமா உக்காந்திருந்தா போதும். அதுதான் வேணும் அவளுக்கு. வேற ஒண்ணுமில்ல.

கீழ ஒரு சட்டியில வெந்நீர் கொதிக்கும். அதுமேல இன்னொரு சட்டியை வெச்சு அதுல சாக்லேட்டைப் போட்டா மெள்ள மெள்ள உருகும். கேக்க சுலபமாத்தான் இருக்கு. இவ என்ன பண்ணா? மேல் சட்டியை எடுத்தா, நல்லாக் கழுவினா, ரெண்டு உதறு உதறினா, அடுப்புல வெச்சா. அவ ஊர்ல எந்தப் பாத்திரத்தையும் கழுவாம அடுப்புல ஏத்த மாட்டாங்க. மூணு பாளத்தையும் போட்டுக் கிண்டறா, கிண்டறா, நறநற நறநற. கட்டி தட்டிப்போச்சு. அப்பத்தான் கையைப் பார்த்தா. ஈரம்.

மூணு பாளம் காலி.

அப்புறம் வேற சட்டியைத் துணியால தொடச்சு, தன் ஸ்வெட்டராலயும் தொடச்சு, அனல்ல காட்டி, இன்னும் மூணு பாளத்தைப் போட்டா. இந்தத் தடவை சொட்டு ஈரமில்ல. சாக்லேட்டு கொழகொழன்னு அழகா உருகுது. ஆனா பாரு, அடுப்பு பக்கத்துல கையை நீட்டினா சொகமா இருந்துச்சு. கொஞ்சமா தீயைக் கூட்டினா. இன்னும் சொகம். இன்னும் கொஞ்சம் கூட்டினா. முக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா. எட்டு மாசமா வெடவெடன்னு நடுங்கிட்டே படுத்தவ இல்லியா, அப்படியே தூங்கிட்டா. கொர்ர்ர். கீழ் சட்டியில வெந்நீர் மொத்தமும் வத்திப்போச்சு, மேல சாக்லேட்டு தீஞ்சுபோச்சு. புகை மூக்குல ஏறித்தான் முழிச்சா.

"திட்டுவாங்களா?"

கதையைச் சொல்ல விடு. இப்போ மிச்சம் மூணே மூணு பாளம். ஜெனோவா வேற சட்டிங்களை எடுத்து, கீழ் சட்டிக்கு மட்டும் வெந்நீர் ஊத்தினா. அதுக்கப்புறம் மொகத்தைக்கூடக் கழுவல, தண்ணி பக்கமே போகல. தீயைப் பொட்டு அளவுக்கு வெச்சா. உக்காரவே இல்ல, நின்னுக்கிட்டே கிண்டினா. சாக்லேட்டு உருகிச்சு. டின்னை உடைச்சு கண்டென்ஸ்டு மில்க்கை ஊத்தினா, வெண்ணெய் போட்டா, பளபளன்னு வந்துச்சு. மூணாப் பிரிச்சு கலர்ப்பொடி போட்டா. ரோஸ், மஞ்சள், பச்சை. மூணு தட்டுல வெண்ணெய்க் காகிதம் விரிச்சு ஊத்தி, தட்டைத் தட்டுத் தட்டுனு தட்டிச் சமமாக்கினா. பின்வாசல் பெஞ்சு மேல ஆற வெச்சா. அந்த ஊர்ல வெளிய வெச்சாலே ஃப்ரிட்ஜ்.

அப்புறம்தான் திக்குனு ஆச்சு அவளுக்கு. நடுவுல உப்பு போட்டாளே, அது எவ்வளவு?

ஃபட்ஜுக்கு ஒரு சிட்டிகை உப்பு போடுவாங்க, இனிப்பைத் தூக்கிக் காட்ட. சிட்டிகைன்னா உனக்கும் எனக்கும் ரெண்டு விரல். உப்பளத்துக்காரி வீட்ல உப்புக்குச் சிட்டிகையெல்லாம் கிடையாது, கைதான். மூட்டை மூட்டையாக் கெடக்கற வீட்ல யாரு கிள்ளிப் போடுவா? அவ யோசிக்கறதுக்குள்ள கை போட்டிருச்சு. எவ்வளவு போட்டுச்சுன்னு கைக்குத்தான் தெரியும். நக்கிப் பார்க்கவும் முடியாது. தூங்கிட்டியா?

"ம்… இல்ல."

சரி. அப்போ அமலதாஸ் ஏணி எடுக்க வீட்டுக்கு வந்தான்.

"என்னங்க, ஒரே ஒரு துண்டு தின்னு பாருங்களேன்."

"தவக்காலம், ஜெனோ."

"ஒரு ஓரம்?"

"அம்மா கேப்பாங்க. நான் பொய் சொன்னா காது செவந்துடும்." ஏணியைத் தூக்கிட்டுப் போயிட்டான்.

அப்புறம் பக்கத்து வீட்டு மாரண்ணன்கிட்ட ஓடினா. பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவருக்குத் தவக்காலம் கிடையாது, ஆடி மாசம்தான் உண்டு.

"அண்ணா, இதை ஒரு வாய் சாப்பிட்டு உப்பு ஜாஸ்தியான்னு சொல்லுங்களேன்."

"எனக்கு சுகர் முந்நூத்தி இருபதும்மா. சாப்பிடறேன். ஆம்புலன்ஸுக்கு நீ சொல்லிடு."

வேண்டாம்னுட்டு வந்துட்டா. வந்து பின்கதவைத் திறக்கறா, பெஞ்சு பக்கத்துல கருப்பா என்னமோ நிக்குது. உஸ்ஸு உஸ்ஸுனு மூச்சு விடுது. கரடி.

கண்ணை ஏன் இப்படி உருட்டறே? அந்த ஊர்ல கரடி வர்றது இங்க பூனை வர்ற மாதிரி. பேக்கரிக் கதவையெல்லாம் ஒடைச்சு உள்ள போகும். ஜெனோவா டக்குனு கதவைச் சாத்திட்டு ஜன்னல் வழியாப் பார்த்தா. தட்டை எடுத்து டமடமன்னு தட்டினா ஓடிடும், அது அவளுக்குத் தெரியும். தட்டையும் கையில எடுத்துட்டா. எடுத்தவ அப்படியே நின்னா. ஏன் தெரியுமா? "அட, இதுக்குத் தவக்காலம் கிடையாதே"ன்னு தோணிச்சு.

கரடி மஞ்சள் தட்டை மோந்து பார்த்துச்சு. ஒரு நக்கு நக்கிச்சு. நிறுத்திச்சு. ஜெனோவா ஜன்னல்ல மூக்கை ஒட்டிக்கிட்டுப் பார்க்கறா. போச்சு, உப்புதான்! கரடி அண்ணாந்து வானத்தைப் பார்த்துச்சு. அப்புறம் உக்காந்துச்சு. தட்டை மடியில வெச்சுக்கிட்டு சப்புச் சப்பு, சப்புச் சப்புனு மஞ்சள் மொத்தமும் தின்னு முடிச்சுது. அப்புறம் பச்சை. அதுவும் முழுசா. காகிதத்தையும் சேர்த்து. அப்புறம் ரோஸ் தட்டுக்குக் கையை நீட்டிச்சு.

அப்போ இவ என்ன பண்ணா தெரியுமா? கதவைத் திறந்துட்டு வெளியவே வந்துட்டா. தட்டை டமடம டமடமன்னு அடிச்சுக்கிட்டு, "போதும், எனக்குத் தெரிஞ்சுபோச்சு, போ!"ன்னு கத்தினா.

"கடிக்கலையா?"

கடிக்கல. வயிறு ரொம்பினவன் யாரைக் கடிப்பான்? ஆனா நீ அந்த மாதிரி போய் நிக்கக் கூடாது, சொல்லிட்டேன். அவளுக்குப் பைத்தியம். கரடி இவளை ஒரு பார்வை பார்த்துட்டு, தொம் தொம்முனு தேயிலைத் தோட்டத்துக்குள்ள இறங்கிப் போயிடுச்சு.

சாயங்காலம் சவேரியம்மா வந்தாங்க. மேசையில ஒரே ஒரு தட்டு.

"தீஞ்ச வாசனை கோயில் வரைக்கும் வந்துச்சு"ன்னாங்க. "மஞ்சளும் பச்சையும் எங்க?"

"கரடி தின்னுடுச்சு அத்தை."

"எவ்வளவு?"

"முழுசா. தட்டையும் நக்கிடுச்சு."

சவேரியம்மா முக்காலியில உக்காந்துட்டாங்க. அப்புறம் சொன்னாங்க. "முப்பது வருஷமா நான் செய்யறேன். வருஷா வருஷம் கரடி வரும். மோந்து பார்க்கும். போயிடும்."

ராத்திரி சாப்பாடு வேண்டாம்னுட்டுப் போய்ப் படுத்துட்டாங்க.

அடுத்த நாள் காலையில பூசை முடிஞ்சு நூத்தி இருபது பேரு வாசல்ல நிக்கறாங்க, இருக்கறது ஒத்தைத் தட்டு ரோஸ். ஜெனோவா அதைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பொடிப்பொடியா வெட்டி வெச்சிருந்தா. ஆளுக்கு ஒண்ணு. "இதென்ன, எறும்புக்கா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. கேட்டுட்டு வாயில போட்டாரு. போட்டவரு மப்ளரைக் கழட்டிப் பையில வெச்சுட்டு, வேற ஆளு மாதிரி மறுபடியும் வரிசையில வந்து நின்னாரு.

கடைசித் துண்டு சவேரியம்மாவுக்கு. இடது கையால வாங்கி வாயில போட்டாங்க. கண்ணை மூடினாங்க. ஜெனோவா காலித் தட்டை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டா.

"உப்பு தூக்கல்"னாங்க.

ஜெனோவா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. முடிஞ்சுதுன்னு நினைச்சா. எட்டு மாசம் இனி எட்டு வருஷம் ஆகும்னு நினைச்சா. "ஆமாங்கத்தை"ன்னா.

"இன்னொண்ணு இருக்கா?"

"இல்லத்தை. தீந்துபோச்சு."

சவேரியம்மா காலித் தட்டைப் பார்த்தாங்க. மருமகளைப் பார்த்தாங்க. மகனைப் பார்த்தாங்க, அவன் எதுக்கோ காதைத் தொட்டுப் பார்த்துக்கிட்டான்.

"நாளைக்கு ஏழு மணிக்கு அடுப்பு பத்த வைப்பேன்"னாங்க. "ஏழரைக்கு ஆடி அசைஞ்சு வராதே. உனக்கு முக்காலி எம்பக்கத்துல."

ஜெனோவா அங்கயே, கோயில் வாசல்லயே, அத்தனை பேரு முன்னாடி ஓன்னு அழுதா. சந்தோஷத்துலதான், நீ ஒண்ணும் மூஞ்சியைத் தூக்காதே.

ம் சொல்லு. ம்…?

சரி. கதை ஆறிடுச்சு, தட்டும் காலி. கண்ணு மூடியாச்சு, தூங்கு.