மன்னர் கன்னத்தில் விழுந்த அடி

முன்னொரு காலத்தில், இன்ன ராஜ்யம் என்று சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள், அதனால் ஊர்ப்பெயர் வேண்டாம், ஓரிடத்தில் ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். சும்மா இருக்க முடியாது என்பதுதான் அவருடைய வியாதி. ஒரு வருஷம் கிளி வளர்த்தார். அடுத்த வருஷம் மீசை வளர்த்தார். அதற்கும் அடுத்த வருஷம் அரண்மனைக்குப் பின்னால் பெரிய குளம் ஒன்று வெட்டச் சொல்லி, படித்துறையில் குனிந்தால் தம் முகம் அலுங்காமல் தெரிய வேண்டுமென்று மடையை அடைத்துவிட்டார். தண்ணீர் வருவதுமில்லை, போவதுமில்லை. அதற்குக் கண்ணாடிக்குளம் என்று பெயர்.

இந்த வருஷம் அவருக்குப் பிறந்த ஆசை வேறு. "மனிதனுக்கு ஆபத்தான மிருகங்களில் முதல் மிருகம் எதுவோ, அது நம் சபைக்கு வர வேண்டும்" என்றார்.

வேட்டைத் தலைவர் விருபாட்சருக்கு வாயெல்லாம் பல். "அப்படியே ஆகட்டும், மன்னா. ஆனால் காட்டுப் பாளையக்காரர்கள் தங்கள் எல்லைக்குள் எங்களை நுழையவிட மாட்டார்கள். எனவே, அந்த மிருகத்துக்கு இடம் கொடுத்திருப்பவர் எவராயினும் அந்த இடம் இடித்துத் திறக்கப்படும் என்று ஆணையில் சேர்க்க வேண்டும்."

ராஜா சேர்த்தார். முத்திரை குத்தியாயிற்று, தண்டோராவும் போட்டாயிற்று.

விருபாட்சர் ஒரு புலியைப் பிடித்து, சங்கிலியோடு சபை நடுவே நிறுத்தினார். சங்கிலியின் ஒவ்வொரு முனையிலும் தடித்தடியாக ஆட்கள். புலி உறுமியது. மந்திரிகள் ஆசனத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒருவரும் அசையவில்லை. பயத்தில் அசையவில்லை என்று உள்ளதைச் சொல்ல அந்தச் சபையில் ஆள் கிடையாது.

"பார்த்தீர்களா மன்னா, எப்பேர்ப்பட்ட வீரச் சபை!" என்றார் விருபாட்சர். "இந்தப் புலி சென்ற கோடையில் ஒரு விறகுவெட்டியைக் கொன்றது. அதன் பிறகு ஒரு மாட்டுக்காரனைக் கொன்றது."

"அப்புறம்?" என்று தூண் ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

குரல் வேம்பனுடையது. சபைக்கு அவன் விகடன். பிறந்தது குளக்கரைக்குக் கீழே கல்தச்சர் குடிசைகளில். மீசை முளைக்கும் வயதுவரை கல் சுமந்தவன். ஒருநாள் சாரத்தின் மேல் நின்று மேஸ்திரியைப் போலப் பேசிக்காட்டியதை ராஜா கேட்டுச் சிரித்துவிட, தலையிலிருந்த சும்மாட்டை இறக்கிவிட்டு அரண்மனைக்குள் வந்தான். அது விருபாட்சருக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

"அப்புறம் என்றால் என்ன பொருள், வேம்பா?" என்றார் ராஜா.

"அவ்வளவுதானா என்று கேட்டேன், மன்னா. இதைவிடப் பெரிய கொலைகாரனை எனக்குத் தெரியும்."

விருபாட்சர் இதற்குத்தான் காத்திருந்தார். "மன்னா! புலி முன்னாலேயே அசையாத சபை இது. இவன் சொல்லும் மிருகம் இச்சபையை அசைத்துக் காட்டட்டும். காட்டிவிட்டால் நான் தோற்றேன். இல்லாவிட்டால் இவனை இந்தப் புலியோடு கூண்டில் விட வேண்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். உயிர் யாருடையது என்று யோசிக்கிற பழக்கம் மட்டும் இல்லை. "சம்மதம்! வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் வேளையில்" என்றார்.

"ஒரு கை அசைந்தாலும் கணக்குத்தானே, மன்னா?" என்று கேட்டான் வேம்பன்.

"ஒரு விரல் அசைந்தாலும் கணக்குத்தான்."

வேம்பன் வெளியே வந்தான். புலிக்கூண்டைக் கண்ணாடிக்குளத்து ஓரமாகவே வைத்திருந்தார்கள். தன்னைத் தின்னப் போகிற வாயை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நின்றான். புலி அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காதைச் சிலுப்பியது, தலையை உதறியது. கடைசியில் முன்னங்காலைத் தூக்கித் தன் மூக்கிலேயே பளாரென்று ஒன்று போட்டுக்கொண்டது. மூக்கைச் சுற்றிக் கொசு மொய்த்தது.

வேம்பன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு கரையிறங்கிக் கல்தச்சர் குடிசைப் பக்கம் நடந்தான்.

அங்கே அவனுடைய மதினி பூவாத்தா, நொச்சித் தழையைப் போட்டுப் புகை மூட்டிக்கொண்டிருந்தாள். வேம்பனின் பெரியப்பா மகனைக் கட்டியவள். அவன் சித்திரையில் குளிர்காய்ச்சலில் போய்விட்டான். தூக்கிய பாறையைக் கீழே வைக்காத ஆள். சாகும்போது ஒரு செம்பைத் தூக்கக்கூடத் தெம்பில்லை.

"வாங்க கொழுந்தனாரே, புலிக்குச் சோறாப் போறீங்களாமே? ஊரெல்லாம் பேச்சு" என்றாள் பூவாத்தா. "அதுதான் என்ன பண்ணும் பாவம். ஒங்க ஒடம்புல எலும்பத் தவுர என்ன இருக்கு?"

"வாயி மட்டும் இருக்கு மதினி. அதத் தின்னா அதுக்கே வயித்தால போவும்."

"சிரிச்சுக்கிட்டே சாவுங்க." அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "நம்ம தெருவுல புலியடிச்சுச் செத்தவன் யாராச்சும் உண்டா? இந்த மடைய அடைச்சதுலருந்து எத்தன வீட்டுல பொணத்தப் பாயில சுருட்டியாச்சு. செங்கல் சுடுற காளவாசல்காரங்களுக்கு இந்தக் காய்ச்சலு இல்ல. எந்நேரமும் பொகைக்குள்ள கெடக்காங்க, கொசு அண்ட மாட்டேங்குது. இது சின்னப் புள்ளைக்கும் தெரியும். மடையத் தொறங்கன்னு கேக்கப்போன நாட்டாமைக்கு முதுகுல பிரம்படி. நீ அரமணையில மூணு வேள சோறு திங்கிறியே, நீயாச்சும் சொன்னியா?"

கோபத்தில் அவளுக்கு மரியாதை 'நீ' ஆகிவிட்டது. வேம்பன் சொல்லாமலில்லை. கொசு என்றதும் ராஜா சிரித்தார், அவ்வளவுதான். பகலில் இரண்டு பக்கமும் சாமரம், இரவில் பட்டுவலை. அந்த மனிதரின் மேல் ஒரு கொசு உட்கார்ந்தது கிடையாது. கடிபடாதவனுக்குக் கடியை எந்த வார்த்தையில் சொல்வது?

"மதினி, வாய் அகலமா ஒரு பானை குடு. குளத்துத் தண்ணி எடுக்கணும்."

"எதுக்கு?"

"என் மிருகம் அதுலதான் குட்டி போட்டிருக்கு."

பூவாத்தா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு உள்ளே போய், இருந்ததிலேயே பெரிய பானையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சபையில் ஊசி விழ இடமில்லை. கூண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். குடிசை ஜனங்களும் முற்றத்தில் நின்றார்கள். வாயைத் துணியால் வேடு கட்டிய பானை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வேம்பன் வந்தான்.

"இதற்குள் என்ன? ஆமையா?" என்றார் விருபாட்சர். மந்திரிகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"பொறுங்கள், ஐயா. மன்னா, ஒரு விரல் அசைந்தாலும் கணக்கு என்று சொன்னீர்கள். சாமரம் போடுகிற கை ஆடிக்கொண்டிருந்தால் நாளைக்கு விருபாட்சர் வழக்குப் பேசுவார். அதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும்."

"நியாயம்தான். நிறுத்துங்கள்" என்றார் ராஜா.

சாமரம் நின்றது. வேம்பன் பானை வாயில் கட்டிய துணியை அவிழ்த்தான். குளத்துத் தண்ணீரில் புழுவாக நெளிந்து, இறக்கை முளைத்து, மூடிக்குள் பட்டினி கிடந்த கூட்டம் ஒரு கரும்புகைபோல எழுந்து சபையெல்லாம் பரவியது.

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சேனாதிபதி பிடரியில் பட்டென்று அடித்துக்கொண்டார். புரோகிதர் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தொடையைச் சொறிந்தார். கணக்கர் வழுக்கையில் ஒன்று விழுந்த சத்தம் வாசல்வரை கேட்டது. விருபாட்சர் பல்லைக் கடித்துக்கொண்டு தூணாக நின்றார். கொசு அவர் காதுக்குள் புகுந்து பாடியது. பொறுத்தார், பொறுத்தார், பிறகு தம் காதிலேயே அறைந்துகொண்டார். தலைப்பாகை எகிறிப் போய்ப் புரோகிதர் மடியில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து, கொழுத்த கொசு ஒன்று மன்னரின் கன்னத்தில் அமர்ந்தது.

"விருபாட்சரே!" என்று கத்தினான் வேம்பன். "மன்னரின் திருமேனியில் மிருகம் பாய்ந்துவிட்டது! அடிப்பது உங்கள் வேலையல்லவா? அடியுங்கள்!"

விருபாட்சர் பாய்ந்து போய்க் கையை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. அடித்தால் மன்னர் கன்னம், அடிக்காவிட்டால் உத்தியோகம்.

பளார்!

ராஜா தம் கன்னத்தில் தாமே அறைந்துகொண்டார்.

ராஜா உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

"மன்னா," என்றான் வேம்பன். "தங்களை அடிக்க இந்தப் பூமியில் எவனுக்கும் துணிவில்லை. தங்களைக் கொண்டே தங்களை அடிக்கவைத்த மிருகம் இது. புலியால் முடியுமா? வாசலில் பாருங்கள், அதுவே அடித்துக்கொண்டு நிற்கிறது."

"ராஜத் துரோகம்!" என்று கத்தினார் விருபாட்சர். "மன்னருக்குக் காய்ச்சல் வந்தால்?"

"வந்தால், எங்களுக்கு வந்தது அவருக்கும் வந்தது. இதை நான் எங்கிருந்தும் கொண்டுவரவில்லை ஐயா, அரண்மனைக் குளத்துப் பிள்ளைகள்தான். நான் பானையில் கட்டி வைத்தேன், நீங்கள் சாமரத்தால் விரட்டிவைத்தீர்கள். விரட்டியது எங்கே போகும்? கரைக்குக் கீழேதான்." வேம்பனின் குரல் இறங்கியது. "மன்னா, உங்கள் கையில் இருக்கிற ரத்தம் உங்களுடையது மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. அதன் வயிற்றில் ராஜா, கல்தச்சன் என்று தனித்தனி அறை கிடையாது."

ராஜா கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்ன?" என்றார் மெதுவாக.

"தண்டோரா பாக்கி இருக்கிறது. அந்த மிருகத்துக்கு இடம் கொடுத்தவர் எவராயினும் அந்த இடம் இடித்துத் திறக்கப்படும் என்று விருபாட்சர் கேட்டு வாங்கிய ஆணை. முத்திரை தங்களுடையது. இடம், கண்ணாடிக்குளம்."

ராஜாவின் முகம் சுருங்கியது. அந்தக் குளத்தில் தம் முகத்தைப் பார்க்காமல் அவர் ஒருநாளும் காலை ஆகாரம் சாப்பிட்டதில்லை. முற்றத்தில் பூவாத்தா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேம்பன் கூண்டைப் பார்த்தான்.

அப்போது இன்னொரு கொசு மன்னரின் மூக்கில் வந்து உட்கார்ந்தது. விருபாட்சரின் கை அவரை அறியாமலே மறுபடி எழுந்தது. அதைக் கண்டதுதான் தாமதம், ராஜா சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூக்கில் அடித்துக்கொண்டார்.

"வேம்பா, நீ வென்றாய்! மடையைத் திறக்கட்டும். விருபாட்சரே, வேட்டை உமது தொழில் அல்லவா? உமது ஆட்களோடு சேற்றில் இறங்கி, மிச்சமுள்ள மிருகங்களை நீரே ஒழித்துக்கட்டும். இனி மடையை அடைப்பவன் முதுகுக்குத்தான் பிரம்பு." கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி வேம்பனுக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"அந்தப் புலியைக் காட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மன்னா. அதுவும் நம்மைப் போலக் கடிபட்ட ஜீவன்."

மறுநாள் மடை திறந்தது. விருபாட்சர் முழங்கால் சேற்றில் நின்றார். அதன் பிறகு காய்ச்சல் அடியோடு ஒழிந்ததா என்றால், இல்லை. குறைந்தது. பாய் சுருட்டுகிற வீடுகள் குறைந்தன.

ராஜா படித்துறைக்கு வந்து குனிந்தார். ஓடுகிற தண்ணீரில் அவர் மூக்கு ஒரு பக்கமும் மீசை ஒரு பக்கமுமாக ஆடிப் போயின.

"என்ன வேம்பா, என் முகம் இப்படிக் கோணுகிறதே!"

வேம்பன் வாயைத் திறப்பதற்குள், கரையில் கல் அடுக்கிக்கொண்டிருந்த பூவாத்தா நிமிர்ந்தாள். "கோணட்டும் சாமி. கொசு ஒக்காந்த மூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவல."

காவலர்கள் ஈட்டியைத் தூக்கினார்கள். ராஜா படியிலேயே உட்கார்ந்து, தண்ணீர் தெறிக்கச் சிரித்தார்.