பிரிக்காத உறை

தீர்ப்புச் சொல்வதென்றால் நம்மில் பலருக்கு வாய் துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதையைக் கேட்டுப் பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

தெற்குக் கடற்கரையில் ஓர் உப்பளம். அங்கே முப்பது வருடம் உப்பு வாரியவள் செல்லக்கனி. உப்புநீரில் நின்று நின்று பாதமெல்லாம் வெடிப்பு. வெயிலில் பளீரிடும் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் மங்கிவிட்டது. ஐம்பத்தெட்டு வயது முடிந்தால் தொழிலாளர் வாரியம் ஓய்வூதியம் தரும் என்ற நம்பிக்கைதான் கடைசி இரண்டு வருடமும் அவளை உப்புப் பாத்திக்கு இழுத்துப் போயிற்று.

வயது முடிந்த மறுநாள், உப்பு வாரும் பலகையைத் தன் கையாலேயே ஓர் இளம் விதவையிடம் கொடுத்தாள். அந்த அளத்தில் வேலையை விடுகிறவள் தன் இடத்தை இப்படித்தான் இன்னொருத்திக்கு விட்டுக்கொடுப்பாள். கொடுத்த பலகையைத் திருப்பிக் கேட்கும் பேச்சே கிடையாது. வாங்கியவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு. செல்லக்கனி நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

மறுவாரம் கூட வேலை பார்த்த பேச்சித்தாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனாள். விண்ணப்பத்தைப் பார்த்த எழுத்தர், வயது வரம்பு அறுபதாகிவிட்டதே, இரண்டு வருடம் கழித்து வாருங்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். வேலையும் போயிற்று, ஓய்வூதியமும் இல்லை. இரண்டு வருடம் எதைத் தின்பது?

அவளை அதிகாரி அறவாழியிடம் அனுப்பினார்கள். அறவாழி கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம் மாறியபோது பத்திரிகையில் நாலு வரி போட்டுவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே ஒவ்வொரு தொழிலாளிக்கும் பதிவுத் தபால் அனுப்பினார். செல்லக்கனி கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒப்புகை அட்டையும் கோப்பில் இருந்தது. அதை எடுத்துக் காட்டினார்.

செல்லக்கனி அதை மறுக்கவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே அந்த உறை, ஒட்டியது ஒட்டியபடி, ஒரு கசங்கல்கூட இல்லாமல் இருந்தது.

"ஏம்மா, இதைப் பிரிச்சே பார்க்கலியா?" என்றார் அறவாழி.

"பிரிக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னிய" என்றாள் அவள்.

நடந்தது இதுதான். ஏழு வருடத்துக்கு முன் வாரியம் உறுப்பினர் அட்டைகளைத் தபாலில் அனுப்பியபோது, தரகர்கள் வீடுவீடாகப் போய் உறையைப் பிரித்து அட்டைகளைச் சுருட்டிக்கொண்டார்கள். அளத்தில் நடந்த முகாமில் அன்றைய அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்து, வாரியத்திலிருந்து வரும் எந்த உறையையும் யாரும் பிரிக்கக் கூடாது, அடுத்த முகாமுக்கு அப்படியே கொண்டுவர வேண்டும், பிரித்த உறை செல்லாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பெண்கள் அந்தச் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு முகாம் நடந்தது. பிறகு எல்லாம் கணினிக்கு மாறியதும் முகாம் நின்றுபோனது. நின்றுபோனதை அளத்துக்கு வந்து சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்த உறைகளை அவர்கள் உப்புக் காற்றுப் படாமல் சுற்றிவைத்து, அடுத்த முகாமுக்காகக் காத்திருந்தார்கள்.

துணைக்கு வந்திருந்த பேச்சித்தாய் அப்போது அழத் தொடங்கினாள். தனக்கு வந்த உறையை அவள் பிரித்துவிட்டாள். மகளை விட்டுப் படிக்கச் சொன்னாள். அறுபது என்று அவளுக்கு இரண்டு வருடமாகவே தெரியும். செல்லக்கனி பலகையைக் கொடுத்த அன்று பக்கத்துப் பாத்தியில்தான் நின்றிருந்தாள்.

"பிரிச்சது தெரிஞ்சா பேரையே அடிச்சிருவாவன்னு பயந்துட்டேன் யக்கா" என்றாள்.

செல்லக்கனி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அறவாழியின் மேசையில் சட்டப் புத்தகம் விரிந்து கிடந்தது. மாற்றம் பற்றிய தகவல் உரிய காலத்தில் போய்ச் சேராதவர்களுக்குப் பழைய வயதே பொருந்தும் என்று அதில் ஒரு விதி. ஒப்புகை அட்டை ஒரு கையில், ஒட்டிய உறை மறு கையில்.

ஒருத்தி சொல்லுக்குக் கட்டுப்பட்டு எல்லாவற்றையும் இழந்தாள். ஒருத்தி சொல்லை மீறித் தப்பித்தாள், வாயையும் மூடிக்கொண்டாள். ஒருவர் தன் கடமையைக் குறையில்லாமல் செய்து, அதற்குச் சாட்சியும் வைத்திருக்கிறார். செல்லக்கனிக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா, இல்லையா? மூவரில் யார் செய்தது சரி?

விடை: செல்லக்கனி செய்ததே சரி. தகவல் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. பேச்சித்தாயின் பயம் நியாயமானது, மௌனம் நியாயமில்லை. அறவாழி உழைத்தார். ஆனால் தன் அலுவலகம் அந்த மக்களிடம் முன்பு என்ன சொல்லிவைத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பழைய கட்டளையை வாபஸ் வாங்காமல் புதிய கடிதத்தை அனுப்பியது வாரியம், அதன் பாரத்தை அவள் சுமக்க முடியாது. அறவாழியும் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார். மறுநாள் அவரே ஒலிபெருக்கியோடு அளத்துக்குப் போய், உறைகளைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். பதினோராவது உறை சுடலைவடிவு என்பவளுக்கு வந்தது. அதில் வயது மாற்றம் பற்றி ஒன்றுமில்லை. மூன்று வருடத்துக்கு முன்பே அவள் விண்ணப்பத்தை ஏற்று ஓய்வூதியம் வழங்கி வாரியம் அனுப்பிய உத்தரவு அது. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அறுபத்தொரு வயதுச் சுடலைவடிவு கடைசிப் பாத்தியில் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.