முட்டுக் கொடுத்த மந்திரி

உட்காருங்கள். உட்காரும் முன்னே, அடியில் இருப்பது தாங்குமா என்று ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். இன்றைய கதை அப்படிப்பட்டது.

குறிஞ்சாபுரி என்று ஒரு நாடு இருந்த காலத்தில், அதை மகுடவர்த்தன் என்று ஒரு ராஜா ஆண்டான். மற்ற ராஜாக்களுக்கு வேட்டைப் பைத்தியம், சண்டைப் பைத்தியம். இவனுக்குத் தச்சுப் பைத்தியம். அரண்மனைத் தோட்டத்தில் தனக்கென்று ஒரு பட்டறை போட்டுக்கொண்டான். உளி மட்டும் அறுபது. ஒவ்வொன்றுக்கும் தந்தப் பிடி. இழைப்புளிக்குப் பட்டு உறை! காலையில் கருவிகளைத் தீட்டுவான், மத்தியானம் துடைப்பான், சாயங்காலம் வரிசையாக அடுக்குவான். நடுவில் நேரம் கிடைத்தால் மரத்தையும் கொஞ்சம் அறுப்பான். அவன் கட்டைவிரலில் துணிக்கட்டு இல்லாத நாளை யாரும் பார்த்ததில்லை.

முதலில் ஒரு நாற்காலி செய்தான். மூன்று காலோடு நிறுத்தியிருந்தால் அது பாட்டுக்கு நின்றிருக்கும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. ஆனால் ராஜாவுக்கு மூன்று காலா? கௌரவம் என்ன ஆவது? நாலு கால் வைத்தான். நாலும் நாலு உயரம்.

"ஆடுகிறதா?" என்று கேட்டான்.

"ஆடுகிறது மகாராஜா. வலப்பக்கக் கால் ஒரு விரல் குட்டை" என்றார் அரண்மனைத் தச்சர். பாவம், அவர் மரங்களோடு பழகியவர், மந்திரிகளோடு பழகாதவர். அன்றைக்கே அவருக்கு வேலை போயிற்று.

பக்கத்தில் நின்றிருந்தார் ஒப்பிலாமணி. அப்போது அவர் கடைசி வரிசை மந்திரி. கீழே கிடந்த மரச்சில்லு ஒன்றை எடுத்தார், மேல்துண்டைச் சரிசெய்வது போலக் குனிந்தார், குட்டைக் காலுக்கு அடியில் செருகினார்.

"இப்போது பாருங்கள் மகாராஜா, ஆடவே இல்லை!"

ராஜாவின் முகம் மலர்ந்தது. ஒப்பிலாமணி இரண்டு வரிசை முன்னே வந்தார்.

அடுத்து ஒரு மேசை. அதன்மேல் வைத்த எலுமிச்சம்பழம் தானாகவே ஓடிப்போய்க் கீழே குதித்தது. "ஆடுகிறதா?" என்றான் ராஜா. ஒப்பிலாமணி மூன்று சில்லு செருகி, "மலைகூட ஆடும் மகாராஜா, இது ஆடாது" என்றார். அன்று முதல் அவரே முதன்மந்திரி.

அதற்குப் பிறகு அவர் மடியில் வெற்றிலைப் பைக்குப் பக்கத்தில் ஒரு மரச்சில்லுப் பை எப்போதும் இருந்தது. மேசைக்கு மட்டுமா முட்டு? ராஜா கோணலாகத் தீர்ப்புச் சொன்னாலும் முட்டு, கோணலாகக் கவிதை எழுதினாலும் முட்டு. வேறு வேறு சில்லு, அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் ஒப்பிலாமணியின் ஒரே மகள் வடிவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ராஜா மந்திரியைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "ஓய், கல்யாண ஊஞ்சலை என் கையாலேயே செய்து தருகிறேன்!" என்றான்.

மந்திரி மடியிலிருந்த சில்லுப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஊஞ்சல் வந்து பந்தலில் தொங்கியது. ஒப்பிலாமணி பழக்கதோஷத்தில் மடியிலிருந்து ஒரு சில்லை எடுத்துக்கொண்டு குனிந்தார். அப்புறம்தான் உறைத்தது. ஊஞ்சலுக்குக் கால் ஏது? கீழே வெறும் காற்று. காற்றுக்கு எங்கே முட்டுக் கொடுப்பது?

பலகையைத் தடவிப் பார்த்தார். காயாத பச்சை மரம். சங்கிலித் துளையை ஓரத்திலிருந்து அரை விரல் மட்டுமே தள்ளிப் போட்டிருந்தான் ராஜா. துளைக்குப் பக்கத்திலேயே ஒரு கணு, கணுவிலிருந்து மயிரிழைபோல ஒரு கீறல். இத்தனை வருஷம் முட்டுக் கொடுத்ததில் மந்திரிக்கு மரத்தின் நோவு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆள் உட்கார்ந்து ஆட்டினால் இது பிளந்துவிடும்.

ஐயோ, பெற்ற பெண் உட்காரப்போகிற பலகை! வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் கோடாலியைத் தேடியிருப்பான். இவர் தேன்மெழுகைத் தேடினார். உருக்கிக் கீறலில் ஊற்றினார், மேலே மஞ்சளைப் பூசினார். கீறல் மறைந்தது.

வடிவு வந்து நின்றாள். "அப்பா, இந்தப் பலகை தாங்குமா?"

"மகாராஜா செய்தது அம்மா."

"யார் செய்தது என்று நான் கேட்கவில்லை அப்பா. தாங்குமா என்று கேட்டேன்."

"தாங்கும்" என்றார். சொன்ன வாயில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பந்தல் நிறையக் கூட்டம். பாட்டுக்காரப் பெண்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றார்கள். ராஜா பெருமையோடு ஊஞ்சலை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, வழக்கம்போலக் கேட்டான்: "ஆடுகிறதா?"

பயத்தில் மந்திரிக்கு எதிரில் இருப்பது நாற்காலியா, மேசையா, ஊஞ்சலா என்பதே மறந்துபோயிற்று. நாக்கு மட்டும் தன் வேலையை மறக்கவில்லை.

"கொஞ்சம்கூட ஆடவில்லை மகாராஜா!"

பந்தலே கொல்லென்று சிரித்தது. ராஜாவின் முகம் சிவந்தது. "என்ன ஓய், நான் செய்த ஊஞ்சல் ஆடவில்லையா? வடிவு, மாப்பிள்ளையோடு வந்து உட்கார் அம்மா. ஆட்டியே காட்டுகிறேன்!"

வடிவு ஒரு அடி எடுத்து வைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு அடி வைத்தாள்.

ஒப்பிலாமணி வாயைத் திறந்தார். 'பலகை உடையும்.' இரண்டே வார்த்தை. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் உண்மை வந்து போகாத வழியில் அன்றைக்கு மட்டும் எப்படி வரும்? வார்த்தை வரவில்லை. உடம்புதான் வந்தது. ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, மகளைத் தள்ளிவிட்டு, தானே பலகையில் ஏறி உட்கார்ந்தார்.

"பலே!" என்று மகிழ்ந்துபோன ராஜா ஒரு தள்ளுத் தள்ளினான். சங்கிலி கிறீச்சிட்டது. இரண்டாவது தள்ளு. பலகை முனகியது. மூன்றாவது தள்ளில் பலகை நீளவாக்கில் பிளந்தது. மந்திரி ஆகாயத்துக்குப் போய், பூமிக்கு வந்தார். இடுப்பு ஒடிந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஓர் இளம் மந்திரி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தான்.

"பலகை கெட்டியான பலகைதான் மகாராஜா. முதன்மந்திரியாரின் கனம் கொஞ்சம் அதிகம்."

"ஆமாம், கனம்தான்! கனம்தான்!" என்றது சபை.

"அப்படித்தான் நானும் நினைத்தேன்" என்றான் ராஜா. கீழே கிடந்தவரைப் பார்த்து, "என்ன ஓய், உமது கனம்தானே?" என்று கேட்டான்.

வடிவு உடைந்த பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிளந்த இடத்தில் மெழுகு பளபளத்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள். ஒப்பிலாமணி வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் கனம்தான் மகாராஜா."

வடிவு பலகையைக் கீழே போட்டுவிட்டு, மாப்பிள்ளையின் பக்கத்தில் வெறும் பாயில் போய் உட்கார்ந்தாள். பாய் தன் பாட்டுக்குக் கிடந்தது, கல்யாணம் நடந்தது.

ராஜாவுக்கோ மந்திரியைப் பார்க்கப் பார்க்க மனம் இளகிவிட்டது. குனிந்து அவர் தலையைத் தடவிக் கொடுத்தான்.

"கவலைப்படாதீர். இனி நீர் நடக்க இரண்டு ஊன்றுகோல் வேண்டுமே! இரண்டையும் என் கையாலேயே செய்து தருகிறேன்."

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்தவன் பிழைக்கு முட்டுக் கொடுக்கிறவன் தலையில்தான் அந்தப் பிழை கடைசியில் வந்து விழும்.