தும்பைக் கொக்கும் சாணவண்டுகளும்

மலையிலிருந்து இறங்கும் ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், ஒரு காட்டின் நடுவே, அகன்ற புல்வெளி ஒன்று இருந்தது. அங்கே காரி என்னும் எருமை தன் கூட்டத்துடன் மேய்ந்து வந்தது.

அந்தப் புல்வெளிக்கு ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. தாயை இழந்த எந்தக் குட்டியும் காலையில் அங்கே வரலாம். எருமைக் கன்றுகள் வயிறு நிறையக் குடித்த பிறகு மிஞ்சும் பால் அந்தக் குட்டிக்கு உரியது. அந்தக் கோடையில் அப்படி வந்து சேர்ந்தது மருளி என்னும் மான்குட்டி. புல்லைக் கடித்து மெல்லும் வயது அதற்கு இன்னும் வரவில்லை. காரியின் பாலே அதன் உயிர்.

எருமைகளின் முதுகில் ஏறி வலம்வரும் கொக்கு ஒன்றும் அங்கே இருந்தது. பெயர் தும்பை, நிறமும் தும்பைப் பூவின் நிறம். நாள் தவறாமல் ஓடையில் சிறகு கழுவும். யாரும் கேட்காமலேயே புல்வெளியின் தூய்மைக்கும் அது பொறுப்பேற்றிருந்தது.

ஒரு நாள் காலை, மருளி கண்களை மூடிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற தும்பையின் காலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தால் ஒரு சாணவண்டு. தலையைக் கீழே ஊன்றி, பின்னங்கால்களை மேலே தூக்கி, தன்னைவிடப் பெரிய சாண உருண்டையைத் தள்ளியபடி அது பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தது. அதன் பெயர் உருட்டன்.

"அம்மணி, சற்றுக் காலை எடுங்கள்" என்றது உருட்டன்.

"யாரிடம் பேசுகிறாய் என்று தெரிகிறதா?"

"தலைகீழாக நடப்பவனுக்கு ஆளா தெரியும்? கால்தான் தெரிகிறது. அதுவும் என் வழியில் நிற்கிறது."

எருமைக் கன்றுகள் சிரித்துவிட்டன. தும்பைக்கு உச்சி முதல் அலகு வரை கோபம் ஏறியது.

"காரியக்கா! பால் சுரக்கும் இடத்தில் சாணம் உருட்டும் கூட்டத்துக்கு என்ன வேலை? பால் எவ்வளவு வெள்ளை! இவர்கள் எவ்வளவு கறுப்பு!"

"நானும் கறுப்புத்தானே, தும்பை" என்றது காரி, அசைபோட்டபடியே.

"நீங்கள் பால் தருகிறீர்கள். இவர்கள் என்ன தருகிறார்கள்? உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்!"

காரிக்குச் சண்டை பிடிக்காது. மறுத்துப் பேசுவதைவிடத் தலையாட்டுவது அதற்கு எளிது. ஆகவே தலையாட்டியது.

"சரி, போகிறோம்" என்றது உருட்டன். "அக்கரையில் யானைகள் மேய்கின்றன. அவை போடுவதை வைத்து எங்கள் குலமே குடித்தனம் நடத்தலாம். வருகிறேன், அம்மணி. இப்போதாவது காலை எடுங்கள்!"

அன்று பொழுது சாயும் முன் வண்டுகள் அனைத்தும் ஓடையைக் கடந்துவிட்டன.

முதலில் தும்பைக்குக் கொண்டாட்டம். எடுப்பார் இல்லாத சாணத்தில் ஈக்கள் மொய்த்தன. கொக்கு நின்ற இடத்திலேயே விருந்து உண்டது. "சுத்தமும் ஆயிற்று, சோறும் ஆயிற்று" என்று பெருமை பேசியது.

ஆனால் எருமைகள் நாள்தோறும் மேய்ந்தன, நாள்தோறும் சாணமிட்டன. விழுந்த சாணம் விழுந்த இடத்திலேயே கிடந்து, வெயிலில் ஓடுபோல இறுகியது. அதன் அடியில் அகப்பட்ட புல் வெளிறிச் செத்தது. அதைச் சுற்றிலும் புல் உயரமாக, கரும்பச்சையாக வளர்ந்தது. பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் எந்த எருமையும் அதில் வாய் வைக்கவில்லை. தன் சாணத்தின் வாடை அடிக்கும் புல்லை எருமை தின்னாது. கண்ணெதிரே பச்சை, வயிற்றிலோ பசி.

ஈக்களும் பெருகின. ஒரு கொக்கு தின்று தீர்க்கும் கூட்டமா அது? எருமைகள் மேய்வதை விட்டு வாலை வீசுவதிலேயே பொழுதைக் கழித்தன.

தும்பை பதறியது. காட்டுப்பன்றியை அழைத்து வந்தது. பன்றி மூக்கால் கிளறி நாலாபுறமும் சிதறடித்தது. வாடை இன்னும் பரவியது. "வாடையா? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்லிவிட்டுப் பன்றி போய்விட்டது. கொக்கு தானே அலகால் ஒரு சாண ஓட்டைப் புரட்டிப் பார்த்தது. அலகு வலித்ததும் சிறகு அழுக்கானதும்தான் மிச்சம்.

ஒரு காலையில் மருளி முட்டி முட்டிக் குடித்தது. சில சொட்டுகளே வந்தன.

"காரியம்மா, பால் வரவில்லை."

காரி தலையைத் திருப்பிக் குட்டியை நக்கிக் கொடுத்தது. பிறகு தன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது: "இங்கே இனி மேய்ச்சல் இல்லை. மலையைத் தாண்டிப் போக வேண்டியதுதான்."

"நானும் வரலாமா?" என்று கேட்டது மருளி. கேட்கும்போதே அதன் கால்கள் நடுங்கின. அந்தக் கால்கள் மலை ஏறா என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

தும்பை சிறகை விரித்தது. ஓடைக்கு மேலே பறந்து அக்கரையில் இறங்கியது. அங்கே உருட்டன், வழக்கம்போலத் தலைகீழாக நடந்து வந்துகொண்டிருந்தது.

"அடடே, தெரிந்த கால்!" என்றது வண்டு. "எங்களைத் தின்ன வந்தீர்களா, அம்மணி?"

"கூப்பிட வந்தேன். விரட்டியது நான்தான், தவறு என்னுடையது. ஆனால் சாகப்போவது மான்குட்டி."

உருட்டன் உருண்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தது. அது நிமிர்ந்து நிற்பதைக் கொக்கு பார்த்தது அதுவே முதல் முறை.

"ஓடாகக் காய்ந்ததை எங்களால் உருட்ட முடியாது. தெற்கே மேகம் கூடுகிறது, பாருங்கள். மழை பெய்து ஓயட்டும், வருகிறோம். அதுவரை எருமைகளை நிறுத்தி வையுங்கள்."

தும்பை சொன்னதைக் கேட்ட காரி, இந்த முறை தலையாட்டவில்லை. "மழை வரும்வரை நிற்கிறேன்" என்று வாய்திறந்து சொன்னது.

மறுநாள் பிற்பகலில் கோடைமழை கொட்டியது. சாண ஓடுகள் ஊறி இளகின. மழை ஓய்ந்து இளவெயில் எழுந்தபோது, அக்கரையிலிருந்து ஒரு முழக்கம் கேட்டது. எருமைகள் காதுகளை உயர்த்தின.

வண்டுகள் வந்தன. ஒன்றிரண்டு அல்ல, புகைத்திரள் ஒன்று ஓடையைக் கடப்பது போல வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் வெயில் பட்டுக் கறுப்பு பச்சையாக, பச்சை நீலமாக, நீலம் செம்பாக மாறி மின்னியது. இறங்கிய மறுகணம் வேலை தொடங்கியது. சில வண்டுகள் உருண்டை பிடித்து நேர்கோடாகத் தள்ளிச் சென்றன. கல் வந்தால் கல்லின்மேல் ஏறின, சறுக்கி விழுந்தன, மறுபடியும் ஏறின. சில வண்டுகள் எங்கும் போகவில்லை. சாணத்தின் அடியிலேயே கிணறுபோலத் தோண்டி, மேலிருந்ததைக் கீழே இறக்கின. யாரும் தொடாத ஒரு சாணக்குவியல் தானே அசைந்து, தானே தாழ்ந்து, கடைசியில் இல்லாமற்போயிற்று. பூமி வாய் திறந்து உண்பது போலிருந்தது.

இத்தனை வயதாகியும் காரி தன் பின்னால் விழுவதைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது தலையைத் தரையோடு தாழ்த்தி, ஒற்றை வண்டின் பின்னால் மெல்ல மெல்ல நடந்தது. அந்த வண்டு உருண்டையோடு மண்ணுக்குள் மறைந்தது. மூச்சு பட்டால் மண் கலைந்துவிடுமோ என்று அஞ்சியதுபோல், காரி அங்கேயே அசையாமல் நின்றது.

"என் வயிற்றிலிருந்து புல் எங்கே போகிறது என்று இன்றுதான் பார்க்கிறேன்" என்றது.

தும்பையைச் சுற்றிலும் ஆயிரமாயிரம் வண்டுகள். எல்லாம் கொக்கு தின்னும் அளவுதான். அது ஒன்றையும் கொத்தவில்லை. வெயில் சாயும்வரை அதற்குப் பசியே மறந்துபோயிற்று.

அடுத்து வந்த மழைநீர் வழிந்தோடவில்லை. வண்டுகள் குடைந்த துளைகளின் வழியே மண்ணுக்குள் இறங்கியது. வெளிறிக் கிடந்த இடங்களில் ஊசி ஊசியாகப் புல் முளைத்தது. வாடை நீங்கிய புல்லை எருமைகள் ஆவலுடன் மேய்ந்தன. மலையைத் தாண்டும் பேச்சு நின்றது. காரியின் மடி மெல்ல மெல்லக் கனத்தது.

ஒரு காலையில் மருளி முட்டியபோது பால் பீறிட்டு, அதன் மூக்கெல்லாம் நுரையாயிற்று. குட்டி தும்மியது, கன்றுகள் சிரித்தன.

பக்கத்தில் உருண்டை ஒன்று பின்பக்கமாக நகர்ந்து வந்தது. வண்டு கேட்பதற்கு முன்பே தும்பை ஒரு காலைத் தூக்கிக்கொண்டது.

நீதி: மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தருபவரை விரட்டினால், மண் நமக்குத் தருவதை நிறுத்திவிடும்.