பன்னிரண்டாம் குடிலின் தூளி

மலையடிவாரத்தில் பன்னிரண்டு மண் குடில்கள் எழும்பின. மண்ணும் மூங்கிலும் அந்த ஊரில் எடுத்தவை. அவை சுற்றுலா விடுதியாகத் திறந்ததும் ஊர்க்காரர்கள் முப்பது பேருக்கு அங்கேயே வேலை என்று பேச்சு.

சுவர்களுக்கெல்லாம் பொன்னுத்தாய்தான் மேஸ்திரி. அவளிடம் வேலை கற்க வந்த இன்ஜினியர் ஞானதுரை, அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இரண்டு வருடமாக ஒரே கேள்வியைக் கேட்டு அவள் உயிரை எடுத்தார்.

“மேஸ்திரியம்மா, சுவர் உள்ள காஞ்சிருச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“ஒருநாள் சொல்றேன், இன்ஜினியரே.”

ஒரு முழம் எழுப்பினால் நாலு நாள் காயவிடுவது அவள் முறை. அவள் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்த வாரத்தில் விடுதி முதலாளி ஞானதுரையிடம் போனில் கத்தினார். வெள்ளிக்கிழமை திறக்காவிட்டால் விடுதியைப் பட்டணத்துக் கம்பெனியிடம் விட்டுவிடுவாராம். அவர்கள் வேலைக்குத் தங்கள் ஆட்களையே கொண்டுவருவார்களாம்.

ஞானதுரை, “இந்த மண் சீக்கிரம் காயும்” என்று ஆட்களைச் சமாதானப்படுத்தி, கடைசிக் குடிலின் பின்சுவரை இரண்டே நாளில் ஆளுயரத்துக்கு ஏற்றினார். மேலே சுண்ணாம்பு பூசியதும் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஊர் திரும்பிய பொன்னுத்தாய் ஒவ்வொரு குடிலாகச் சுற்றிவந்தாள். பன்னிரண்டாவதில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். பின்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

புது வீட்டில் ஆள் புகுமுன் உத்தரத்தில் தூளி கட்டிக் கைப்பிள்ளையைத் தூங்கவைப்பது அந்த ஊர் வழக்கம். சமையலுக்குச் சேரப்போகிற செவந்தி, சேலைத் தூளியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு பன்னிரண்டாம் குடிலுக்குள் வந்தாள். அவளும் பொன்னுத்தாயும் சேர்ந்து அதை உத்தரத்தில் கட்டினார்கள். உத்தரத்தின் ஒரு முனை அந்தப் பின்சுவரின்மேல்தான் இருந்தது.

“வேற குடில்ல கட்டலாமே” என்றார் ஞானதுரை.

“ஏன்?”

“இங்க வெக்கையா இருக்கு.”

மண் வீட்டில் வெக்கையா என்று செவந்தியே சிரித்துவிட்டாள். பொன்னுத்தாய் சிரிக்கவில்லை. தூளியை மெல்ல ஆட்டினாள்.

உத்தரம் முனகியது. ஞானதுரை பின்சுவரைப் பார்த்தார். அவள் இன்னொரு முறை ஆட்டினாள். சுண்ணாம்புப் பூச்சில் முடியளவுக்கு ஒரு கோடு ஓடியது.

“நிறுத்துங்க! அந்தச் சுவர் காயல!”

பாய்ந்துபோய்த் தூளியை மார்போடு அணைத்தார். உள்ளே பிள்ளை இல்லை. பின்சுவரின் அடியில் தோண்டியெடுத்த மண் உருண்டை இருந்தது. கையில் எடுத்ததும் விரல் உள்ளே போயிற்று, அத்தனை ஈரம். செவந்தியின் பிள்ளை வெளியே புளியமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவருக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “உங்களுக்குக் காலையிலயே தெரியுமா?”

“மண்ணு ஈரம்னு தெரியும். நீங்க தெரியாமச் செஞ்சீங்களா, தெரிஞ்சே செஞ்சீங்களான்னுதான் தெரியல.”

“முப்பது பேர் பொழப்புக்காகத்தான் செஞ்சேன்” என்றார்.

“அந்த முப்பது பேர்ல ஒருத்திதான் தினமும் இந்தச் சுவரோரம் குனிஞ்சு பெருக்கப்போறா.”

கீழே வளைவில் வேன் ஹாரன் கேட்டது. விருந்தினர்களோடு முதலாளியும் வருகிறார்.

“நான் போய் என்ன சொல்றது, மேஸ்திரியம்மா?”

பொன்னுத்தாய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்சுவரை இடிக்க நடந்தாள்.

“கையில இருக்கற மண்ணக் காட்டுங்க.”