வெள்ளைக்குள் வெள்ளை

"கூட்டத்துல நான் மட்டும் தனியாத் தெரியறதுக்கு என்ன பண்ணோணுங்க?" என்று கேட்டான் நல்லசிவம்.

"முதல்ல காலை எடுங்கண்ணா," என்றாள் பூங்கோதை. "அவரு கையை மிதிச்சுட்டு நிக்கறீங்க."

நல்லசிவம் குனிந்து பார்த்தான். சிமெண்டுத் தரை. பெருக்கித் துடைத்த வெறும் தரை.

இருந்தாலும் காலை எடுத்துக்கொண்டான். குரு சொன்னால் கேட்க வேண்டியதுதானே. குரு என்றால் தாடியும் கமண்டலமும் என்று நினைத்துவிடாதீர்கள். பூங்கோதை அவனைவிடப் பத்து வயதாவது சின்னவள். ஒரு காலத்தில் பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலையில் இருந்தாள். அதை உதறிவிட்டு, காங்கேயம் தாண்டி ஒரு மொட்டைக் கரட்டுக் குன்றின் அடியில் பழைய பஞ்சுக் குடோனுக்கு வெள்ளையடித்து உட்கார்ந்துவிட்டாள். வேலை தேடி நொந்தவர்கள் அவளிடம் போனால் வழி பிறக்கும் என்று திருப்பூரில் பேச்சு. வருகிறவர்களை அவள் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"இங்க யாருமே இல்லீங்களே," என்றான் நல்லசிவம்.

"வெளிய செருப்பு விட எடம் இருந்துச்சா?"

அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

இடம் இல்லைதான். வாசல் நெடுகச் செருப்பு. தேய்ந்த ரப்பர் செருப்பு, பாலிஷ் போட்ட ஷூ, வார் அறுந்து ஊக்குக் குத்தின பெண்கள் செருப்பு. கல்யாண மண்டபம் தோற்றுப்போகும். அத்தனையையும் தாண்டி உள்ளே வந்தால் நாலு வெள்ளைச் சுவர், ஒரு டியூப்லைட், சாத்தின ஜன்னல், மூலையில் மோர்ப் பானை. மனிதர் என்று பார்த்தால் பூங்கோதை ஒருத்திதான்.

"உட்காருங்க," என்றாள். "அங்க இல்ல, அக்கட்ட தள்ளி. அந்தக்கா மடியில உட்காந்துராதீங்க."

நல்லசிவம் தரையைக் கையால் தடவித் தடவி உட்கார்ந்தான்.

"என்ன ஆச்சு? சொல்லுங்க."

என்ன ஆச்சு என்றா கேட்டாள்? அவன் பொழப்பே நாறிப்போயிருந்தது.

பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லையென்று ஆள் குறைத்தார்கள். அதில் நல்லசிவம் வெளியே வந்தான். முன்னே மாதிரி கேட்டில் நின்று, தெரிந்தவரைப் பிடித்து, ஒரு டீ குடித்து வேலை வாங்குகிற காலமா இது? எல்லாம் ஆன்லைன். ஒரு வேலை போட்டால் திருவிழாக் கூட்டம் மாதிரி விழுகிறார்கள். அவ்வளவு பேரையும் மனுஷன் பார்க்க முடியாது, மெஷின்தான் முதலில் பார்த்துக் கழிக்கும் என்றார்கள்.

அப்புறம் ஒரு வீடியோவில் ஒரு தம்பி வழி சொன்னான். விளம்பரத்தில் என்னென்ன வார்த்தை இருக்கிறதோ, அத்தனையையும் உன் பயோடேட்டாவுக்கு அடியில் ஒட்டு. ஒட்டிவிட்டு எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கு. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. மனுஷன் கண்ணுக்குத் தெரியாது. மெஷின் கண்ணுக்குத் தெரியும்.

அடேங்கப்பா, என்ன மூளை! நல்லசிவம் ஒட்டினான்.

மெஷின் அவனைக் கொண்டாடியது. நூற்றுக்குக் கிட்ட மார்க் போட்டது. "வாழ்த்துகள், நீங்கள் அடுத்த சுற்றுக்குத் தேர்வாகியுள்ளீர்கள்" என்று மெயில் வந்தது. அடுத்த சுற்றிலும் கேள்வி கேட்டது ஒரு மெஷின்தான். அதற்கடுத்து ஒரு மனுஷர் பார்க்க வேண்டிய நேரத்தில் எல்லாம் நின்றுபோகும். ஒரு பதிலும் வராது.

சரி, இன்னும் கொஞ்சம் ஒட்டுவோம் என்று ஒட்டினான். பழைய வரிகளை எடுத்தான், வெள்ளை வரிகளைப் போட்டான். கடைசியில் கறுப்பில் மிஞ்சியது அவன் பேர் மட்டும்தான்.

"அப்புறம்?" என்றாள் பூங்கோதை.

"அப்புறம் டீக்கடைக்காரர் என்னைப் பார்க்கலீங்க."

"கவனிக்கலையா?"

"பார்க்கலீங்க. மூஞ்சிக்கு நேரா நின்னு கேக்கறேன். என்னைத் தாண்டிப் பின்னால இருக்கறவருக்கு டீயை நீட்டறாரு. பஸ்ஸுல கண்டக்டர் என்னைத் தாண்டிப் போறாரு. ஆனா என்ற மூஞ்சியப் பார்த்ததும் ஃபோன் தொறந்துக்குது. கடைவீதியில கண்ணாடிக் கதவு நான் போனா தானா வழி விடுது. பக்கத்துல நிக்கற செக்யூரிட்டிக்குத்தான் கதவு எதுக்குத் தொறந்துச்சுன்னு தெரியல."

பூங்கோதை தலையாட்டினாள்.

"அதெல்லாம் போகட்டுங்க. என்ற புள்ள..." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். "பள்ளிக்கூடம் விட்டு வந்து, 'அப்பா எங்கம்மா?'ன்னு கேக்கறா. நான் அவ முன்னால சேர்ல உட்காந்திருக்கறேன். 'இங்கதான் இருக்கறேன் சாமி'ங்கறேன். அவ பாட்டுக்கு வந்து என்ற மேல பையை வெச்சுட்டுப் போறா."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுதால் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம் அவனுக்கு வந்து நாளாகிவிட்டது.

மனைவி கோகிலவாணிக்கு மட்டும் அவன் இன்னும் கொஞ்சம் தெரிந்தான். அதுவும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால். அவள்தான் இன்றைக்கு ஸ்கூட்டரில் அவனை ஏற்றிக்கொண்டு வந்தாள். முன்னால் மகள் மிருதுளா நின்றுகொண்டாள்.

"ஏம்மா வண்டி இத்தனை கனம்?" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள் குழந்தை. இப்போது ரெண்டு பேரும் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கிறார்கள்.

"நாளைக்குப் புள்ளையோட அம்மாவுக்கும் தெரியாமப் போயிட்டா நான் எங்கீங்க போறது?" என்றான் நல்லசிவம். "தனியாத் தெரியோணுங்க. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, போதும்."

பூங்கோதை எழுந்தாள். பானையிலிருந்து மோரை டம்ளர்களில் ஊற்றி, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வெறும் குடோனுக்குள் நடந்தாள்.

நேராக நடக்கவில்லை. ஒதுங்கி, வளைந்து, புடவையைத் தூக்கிப் பிடித்து நடந்தாள். "கொஞ்சம் நகருங்கக்கா." "தம்பி, காலை மடக்கிக்க." ஒவ்வோர் இடத்திலும் குனிந்து ஒரு டம்ளரைத் தரையில் வைத்தாள்.

போச்சுடா, பைத்தியத்திடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான் நல்லசிவம்.

அவனுக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்துவிட்டு நிமிர்ந்தான்.

அத்தனை டம்ளரும் காலியாக இருந்தன.

அவன் கையிலிருந்த டம்ளர் நழுவி, உருண்டு, பாதியில் எதன்மேலோ இடித்து நின்றது. அங்கே ஒன்றுமில்லை.

"யாருங்க இவங்கெல்லாம்?"

"உங்களாட்டவே அப்ளை பண்ணவங்க."

"எனக்கு ஏன் தெரியமாட்டேங்குது?"

"அவங்களுக்கு மட்டும் நீங்க தெரியறீங்களா?"

நல்லசிவத்துக்கு எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. எப்படி ஓடுவது? யார் மேல் மிதித்து ஓடுவது?

"ஃபோன்ல உங்க பயோடேட்டா இருக்குமில்ல?" என்றாள் பூங்கோதை. "சத்தமாப் படிங்க."

அவன் திறந்து, வெள்ளை எழுத்து தெரிகிறாற்போல் விரலால் தேய்த்துத் தேர்ந்தெடுத்துப் படித்தான்.

"இலக்கை நோக்கி உழைக்கும் ஆற்றல் மிக்க நிபுணர்..."

இலக்கை நோக்கி உழைக்கும் ஆற்றல் மிக்க நிபுணர் என்று குடோன் சொன்னது.

எதிரொலி என்று நினைத்தான். எதிரொலி என்றால் அவன் குரலாக இருக்க வேண்டாமா? இதில் பெண் குரல் இருந்தது. கிழக் குரல் இருந்தது. இன்னும் மீசை அரும்பாத பையன் குரல்கூட இருந்தது.

"குழுவாக இணைந்து செயல்படுவதிலும்..." என்று அவன் தொடங்கி நிறுத்தினான்.

அவர்கள் நிறுத்தவில்லை. குழுவாக இணைந்து செயல்படுவதிலும் சவால்களை வாய்ப்புகளாக மாற்றுவதிலும் என்று எல்லாக் குரலும் சேர்ந்து, ஒரே மூச்சில், பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை மாதிரி அவன் பயோடேட்டாவைக் கடைசி வரிவரைக்கும் சொல்லி முடித்தன.

நல்லசிவம் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

"நீங்க என்ன வேலை பார்த்தீங்கண்ணா?" என்றாள் பூங்கோதை.

"தர மேம்பாட்டுத் துறையில் அனுபவம் வாய்ந்த..."

தர மேம்பாட்டுத் துறையில் அனுபவம் வாய்ந்த என்றன குரல்கள்.

"அது வேண்டாம். காலையில வேலைக்குப் போனதும் கையில எதைத் தொடுவீங்க?"

நல்லசிவம் யோசித்தான். அவனை இப்படி யாரும் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

"துணிங்க," என்றான். "வெள்ளைத் துணி. சேடு பார்ப்பேன்."

குரல்கள் வரவில்லை.

"சேடுன்னா?"

"நிறமுங்க. மத்த கலரை யாரு வேணாலும் பார்த்துருவாங்க. வெள்ளைதான் கஷ்டம். பால் மாதிரி ஒண்ணு இருக்கும், லேசா நீலம் ஓடுனது ஒண்ணு, பஞ்சுப் பழுப்பு ஒண்ணு. காலர் ஒரு வெள்ளையும் உடம்பு ஒரு வெள்ளையுமா தெச்சுட்டாங்கன்னா மொத்தச் சரக்கும் திரும்பி வந்துரும். டியூப்லைட்டுல வெச்சா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். அதனால நான் வடக்கு ஜன்னலுக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். முதுகை வெளிச்சத்துக்குக் காட்டி, துணியச் சாய்ச்சுப் புடிச்சு, ஓரக்கண்ணுல பார்க்கோணும். நேராப் பார்த்தா ஏமாத்திப்புடும்." சொல்லச் சொல்ல அவன் கை தானாகவே இல்லாத துணியைச் சாய்த்துப் பிடித்தது. "நான் சொன்னா எங்க மேனேஜர் மறுபேச்சு பேசமாட்டாருங்க."

"இதுல ஒரு வரிகூட பயோடேட்டாவுல காணோமே?"

"எந்த விளம்பரத்துலயும் இந்த வார்த்தை இல்லீங்க. மெஷின் இதுக்கு மார்க்கே போடல. எடுத்துட்டேன்."

பூங்கோதை போய் டியூப்லைட்டை அணைத்தாள். பிறகு சாத்தியிருந்த ஜன்னலைத் தள்ளித் திறந்தாள்.

அது வடக்கு ஜன்னல்.

நடுப்பகல் வெளிச்சம், வெயில் படாத வெளிச்சம், எதிர்ச் சுவரில் போய்ப் பரவியது. நல்லசிவத்துக்குப் பழக்கதோஷம். யாரும் சொல்லாமலே எழுந்து போய் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றான். தலையைச் சாய்த்தான். ஓரக்கண்ணால் சுவரைப் பார்த்தான்.

சுண்ணாம்பு வெள்ளை.

அதன்மேல் இன்னொரு வெள்ளை. லேசாக நீலம் ஓடினது. அது ஒரு தோள்.

"ஐயோ!" என்றான்.

தோளுக்குப் பக்கத்தில் பழுப்பில் ஒரு கழுத்து. கீழே பால் வெள்ளையில் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்த ஒரு கை. அப்புறம் அடுக்கடுக்காக, சுவரோரம் வரைக்கும், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் மூச்சு ஒருத்தர் முதுகில் படுகிற நெருக்கம். எல்லாக் கண்ணும் பூங்கோதையையே பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அவன் முதலில் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

நல்லசிவம் ஜன்னலை விட்டு வந்தான். பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தான்.

"நல்லா மிதிச்சுட்டனுங்களா? வலிக்குதுங்களா?"

அந்த ஆள் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரையோ கேட்கிறான் என்று நினைத்துவிட்டார்.

"உங்களைத்தானுங்க," என்றான் நல்லசிவம்.

அவர் முகம் கோணிக்கொண்டு போனது. "தெரியுதுங்களா?" என்று கேட்டார். குரல் வெளியே வரவில்லை, காற்றுத்தான் வந்தது. "நான் தெரியறனுங்களா?"

"தெரியறீங்க. காதுகிட்ட ஒரு தழும்பு இருக்குது. உங்க பேரு என்னங்க?"

"சென்னியப்பன்." சொல்லிவிட்டு வேகமாகத் தொடங்கினார். "இலக்கை நோக்கி உழைக்கும் ஆற்றல் மிக்க..."

"அது வேண்டாமுங்க. கையில எதைத் தொடுவீங்க?"

சென்னியப்பன் நிறுத்தினார். தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"செம்புக் கம்பி," என்றார். "கிணத்து மோட்டாருக்குக் காயில் சுத்திக் கட்டறவனுங்க நான். மோட்டாரைத் தொறக்கறப்பவே மோந்து பார்த்து எந்தச் சுத்துல எரிஞ்சிருக்குதுன்னு சொல்லிருவேன்."

"மோந்து பார்த்தா?"

"ஆமாங்க. அரக்கு எரிஞ்சா ஒரு வாசம், நூலு எரிஞ்சா ஒரு வாசம்."

"அட, இது எனக்குத் தெரியாதுங்களே! இன்னும் சொல்லுங்க."

சென்னியப்பன் சொன்னார். நல்லசிவம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டான். நடுநடுவே சிரித்தான். தான் எதற்கு அங்கே வந்தோம் என்பதே அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

பூங்கோதை காலி டம்ளர்களைப் பொறுக்கி அடுக்கினாள்.

காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய் மிருதுளா வாசலுக்கு ஓடி வந்தாள். செருப்புகளைத் தாண்டிக் குதித்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அம்மா! அப்பா இங்க இருக்காரு!"

கோகிலவாணி பின்னாலேயே ஓடி வந்தாள். இந்த முறை கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

குழந்தை அவள் கையைப் பிடித்து இழுத்தது.

"ஏம்மா, அப்பா தனியா உட்காந்து யார்கிட்டப் பேசிட்டிருக்காரு?"