இடது பக்கப் பின்கதவு

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலை தொடங்குகிற இடத்தில் முத்தரசி அம்மாவின் குடில் இருந்தது. அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த வீரபத்திரனுக்கு ஐம்பத்தெட்டு. சீடர் குருவைத் "தாயே" என்பார். குரு சீடரை "அண்ணே" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை.

வீரபத்திரன் ஒரே ஒரு குறையோடுதான் வந்தார்.

"எனக்குக் கைராசி கிடையாது தாயே."

அவர் வைத்த மாவு மில் படுத்துவிட்டது. வாங்கிய கறவை மாடு கன்றோடு செத்தது. மூத்த மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் ஊன்றப் போனபோது, கூடப்பிறந்த அண்ணனே அவர் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டார்.

"நீ தள்ளி நில்லுப்பா. பிள்ளை நல்லா வாழணும்."

பெற்ற தகப்பன் தள்ளி நின்றார். அன்றிலிருந்து எந்தக் காரியத்திலும் அவர் முதல் கை வைப்பதில்லை. குடிலில் அடுப்புப் பற்றவைக்கக்கூட மாட்டார். கார் மட்டும் ஓட்டுவார். "ஏற்கெனவே ஓடுறதை ஓட்டுறதுக்கு ராசி வேண்டாம்ல?" என்பார்.

கார் யாரோ ஒரு பக்தர் கொடுத்த பழைய வெள்ளைக் கார். வியாழன்தோறும் அதில் அம்மா மலைக்குப் போய், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளில் நோயாளிகளைப் பார்த்து வருவார். மற்ற நாளெல்லாம் கார் கொட்டகையில்தான் நிற்கும்.

அந்தக் காரின் இடது பக்கப் பின்கதவுக்கு ஒரு கெட்ட பழக்கம். டக்கென்று ஒழுங்காகத்தான் மூடிக்கொள்ளும். மலையில் நாலு வளைவு ஏறினால் தானாகத் திறந்துகொள்ளும். முதல் மெக்கானிக் எண்ணெய் விட்டார். இரண்டாமவர் பூட்டை மாற்றினார். மூன்றாமவர், "முன்னாடி போட்டது டூப்ளிகேட்" என்று மறுபடி மாற்றினார். நாலாமவர் ஸ்பிரிங் போட்டார். குடிலின் உண்டியல் நாலு தடவை கவிழ்ந்தது. கதவு ஐந்தாம் தடவையும் திறந்தது.

"உண்டியல்ல இனி ஒண்ணுமில்லண்ணே. நீங்களே பிரிச்சுப் பாருங்க" என்றார் அம்மா.

"நானா? நான் தொட்டா இருக்கிற கதவும் கழண்டு விழுந்துரும் தாயே."

"விழட்டும். இன்னும் மூணு கதவு இருக்குல்ல?"

வேறு வழியில்லாமல் பூட்டைப் பிரித்தார். மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து, மாட்டினார்.

அந்த வியாழக்கிழமை அம்மா வலது பக்கம் உட்காராமல் இடது பக்கம் போய் உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கம் காத்து நல்லா வருது. நீங்க எடுங்க."

பதினெட்டு வளைவு ஏறினார்கள். கதவு திறக்கவில்லை. சாயங்காலம் பதினெட்டும் இறங்கினார்கள். அப்போதும் திறக்கவில்லை. அடிவாரத்தில் வீரபத்திரன் காரை நிறுத்தி இறங்கி வந்து, கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தாயே, நின்னுருச்சு!"

"ஆமாண்ணே" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு அந்த மனிதரைப் பிடிக்க முடியவில்லை. குடிலில் ஒழுகிய குழாயை அடைத்தார். பக்கத்து வீட்டுத் தையல் மிஷினை ஓட வைத்தார். மலைமேல் பால்வாடியின் இரும்புக் கேட் ஒரு வருஷமாகச் சாத்த முடியாமல் கிடந்தது. வந்தவன் எல்லாம் தாழ்ப்பாளையே மாற்றிவிட்டுப் போயிருந்தான். வீரபத்திரன் கேட்டைக் கையால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். "வியாதி தாழ்ப்பாள்ல இல்லம்மா, கீல்ல. கேட்டு தொங்கிப் போச்சு" என்று பால்வாடி டீச்சரிடம் சொல்லி, கீலுக்கு ஒரு தகடு கொடுத்து நிமிர்த்தினார். வாரா வாரம் லயன் வீடுகளில் மிக்சியும் மின்விசிறியும் அவருக்காகக் காத்திருந்தன.

எட்டு மாதம் போயிற்று. இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, இந்தத் தடவை கால் நீதான் ஊன்றணும். உன் கைராசிய மலை மேல வரைக்கும் பேசுறாங்களாமேடா!"

வீரபத்திரன் போனை வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழுதார். அம்மா ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தபோது வந்த வியாழக்கிழமை, லயன் வீட்டில் செல்லக்கனி என்ற பெண்ணுக்குக் கடுமையான காய்ச்சல். அம்மா அவள் தலைமாட்டிலிருந்து எழவில்லை.

"அண்ணே, நீங்க மட்டும் கீழ போய் மருந்து வாங்கிட்டு வாங்க. பையப் போங்க."

எட்டு மாதத்தில் அம்மா இல்லாமல் அந்தக் கார் மலையில் ஓடுவது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது வளைவில் இடது பக்கப் பின்கதவு படீரென்று திறந்தது.

வீரபத்திரன் நிறுத்தினார். இறங்கிச் சாத்தினார். டக்கென்று மூடிக்கொண்டது. ஐந்தாவது வளைவில் மறுபடியும் திறந்தது. துண்டை அவிழ்த்துக் கதவைக் கட்டலாம் என்று உள்ளே குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

கதவின் உள்கைப்பிடி கறுப்பு நிறம். அதில் நாலு இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. நாலு விரல் பதிகிற இடம்.

பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து ரோட்டை மூடியது. ஏறப் பதினெட்டு, இறங்கப் பதினெட்டு. எத்தனை வியாழன்! அந்த வளைவுகளில் அம்மா பதிகம் பாடியிருக்கிறார். வீரபத்திரன் சொன்ன கதைக்கெல்லாம் சிரித்திருக்கிறார். அவருடைய வீட்டுச் சண்டைகளைக் கேட்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார். கண்ணாடியில் அம்மாவின் முகம் மட்டும்தான் தெரியும். கை தெரியாது.

அந்த ரோட்டிலேயே, ஈரத் தாரில் நெற்றி பட விழுந்து கும்பிட்டார். எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

பிறகு துண்டால் கதவைக் கட்டிவிட்டு, மருந்து வாங்கிக்கொண்டு மேலே வந்தார். அம்மா மருந்தைக் கொடுத்து, செல்லக்கனிக்கு வேர்த்து ஜுரம் இறங்குகிற வரைக்கும் இருந்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"எத்தனை நாளா தாயே?"

எதைக் கேட்கிறார் என்று அம்மா கேட்கவில்லை.

"நீங்க மாட்டின நாள்ல இருந்துண்ணே."

"அப்போ அது நிக்கவே இல்லையா?"

"இல்லை."

"கீழ விழுந்திருந்தா?"

"விழலையே."

"நான் ஊரெல்லாம் பெருமை பேசிட்டேனே. என் கை பழைய கைதான் தாயே. அண்ணனுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிர்றேன். கால் அவரே ஊன்றட்டும். நான் தள்ளியே நிக்கிறேன்."

அம்மா கார் நிற்கிற பக்கம் பார்த்தார்.

"டூல்ஸ் பை கார்ல இருக்கா?"

"இருக்கு."

"இன்னும் வெளிச்சம் இருக்கு. கதவைப் பாருங்க. போன் எங்க போயிரப் போகுது?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீரபத்திரன் காரண்டை போனார். துண்டை அவிழ்த்தார். பழக்கதோஷத்தில் கை பூட்டுக்குத்தான் போனது. பாதியில் நின்றது. கதவை அகலத் திறந்து, அதன் நுனியைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்தார். கதவு ஒரு விரல்கடை மேலே வந்தது. விட்டால் கீழே தொங்கியது.

"அட பாவி மனுசா" என்றார். தன்னைத்தான் சொல்லிக்கொண்டார்.

ஜாக்கியைக் கதவின் அடியில் கொடுத்தார். கீலின் போல்ட்டைத் தளர்த்தினார். தகடு ஒன்றை வெட்டி உள்ளே செருகி முறுக்கினார். கதவைச் சாத்தினார். இதுவரை கேட்காத ஒரு சத்தம் வந்தது. பெட்டகம் மூடுகிற மாதிரி கனமான சத்தம். தோட்டத்து மண் ரோட்டில், குண்டும் குழியுமாகப் பார்த்து, காலிக் காரைத் தனியாக மூன்று சுற்று ஓட்டினார். கதவு அசையவில்லை. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. ஒரு தடவை நம்பி ஏமாந்த மனசல்லவா?

புறப்படும்போது செல்லக்கனியின் புருஷன் சூசை ஓடிவந்து, ஜன்னல் வழியாக அம்மாவிடம் ஒரு பொட்டலம் கொடுத்தார். "வேற ஒண்ணும் இல்லம்மா வீட்ல" என்றார். அம்மா வாங்கிக்கொண்டார்.

"தாயே, இன்னிக்கு வலது பக்கம் உக்காருங்க."

"எடுங்கண்ணே, இருட்டிரப் போகுது."

இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்.

முதல் வளைவு வந்தது. வீரபத்திரனுக்கு ஸ்டீயரிங்கில் உள்ளங்கை வழுக்கியது. இரண்டாவது வளைவு. கதவைப் பிடித்திருக்கிறாரா, இல்லையா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. மூன்றாவது வளைவில் காரின் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னாலிருந்து படக், படக்கென்று சின்னச் சத்தம் கேட்டது.

காரை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

அம்மா அந்தக் கதவில் நன்றாகச் சாய்ந்திருந்தார். மடியில் பொட்டலம் பிரிந்து கிடந்தது. சேலையெல்லாம் கடலைத் தோல்.

"தாயே... கை?"

அம்மா உரித்த கடலையில் பாதியை அவரிடம் நீட்டினார்.

"கடலை உரிக்க ரெண்டு கையும் வேணும்லண்ணே?"